ஒரு பொம்பிளை குறையுதாம்

அமெரிக்காவில் இன்னும் ஒரு பெண் ஜனாதிபதியாகவில்லை. ஜப்பானில் 2025 ஒக்டோபரில்தான் சனே தகாய்ச்சி முதல் பெண் பிரதமரானார். இந்தக் கதை எழும்பினாலே எங்கள் திருகோணமலைச் சீனன்குடா ஆம்பிளைகளுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். "வெள்ளைக்காரனால ஏலாததை நாங்க 1960இலயே செய்துபோட்டம்" என்பார்கள். சிறிமாவோ பண்டாரநாயக்க, உலகின் முதல் பெண் பிரதமர், 1960 ஜூலை 21. பள்ளிக்கூடத்தில் நானும் இதைப் பாடமாக்கி எழுதிப் புள்ளி வாங்கியவள். இன்றைக்கு அந்த வரியைக் கேட்டால் வயிறு எரிகிறது.

செய்துபோட்டோமா? யார் செய்தது? 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கு 39 பேர் வேட்புமனுக் கொடுத்தார்கள். அதில் பேருக்கு ஒரு பெண்கூட இல்லை. 2019இல் வாக்குச் சீட்டில் 35 பேர், அதில் ஒரேயொரு பெண், அஜந்தா பெரேரா. எங்கள் மாவட்டக் கதை இன்னும் கேவலம். 1947இல் தொடங்கி திருகோணமலைத் தொகுதிக்குச் சிவபாலன், இராஜவரோதயம், ஏகாம்பரம், மாணிக்கராஜா, நேமிநாதன், சம்பந்தன் என்று வரிசையாக ஆம்பிளைகள். 2024 நவம்பரில் மாவட்டத்துக்கு நான்கு பேர் தெரிவானார்கள். கட்சி மூன்று, இனம் மூன்று, ஆனால் நான்கு பேரும் ஆம்பிளைகள். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று எதற்கெல்லாமோ பிரிந்து நிற்பவர்கள் பெண்ணை வெளியே நிறுத்துவதில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

சிறிமாவோ எப்படி வந்தார் என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. 1959 செப்டம்பரில் கணவர் சுட்டுக்கொல்லப்பட்டார். கட்சிக்குக் கண்ணீர் தேவைப்பட்டது, அவரைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள். 1960 ஜூலைத் தேர்தலில் அவர் எந்தத் தொகுதியிலும் போட்டியிடவில்லை. செனட் சபை உறுப்பினராகத்தான் பிரதமர் பதவியில் இருந்தார். 1994 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலைப் பாருங்கள். இரண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களும் பெண்கள், இரண்டு பேரும் கணவனைக் கொலையில் இழந்தவர்கள். சந்திரிகாவின் கணவர் 1988இல் கொல்லப்பட்டார். சிறிமா திசாநாயக்கவின் கணவர் காமினி, தேர்தலுக்கு இரண்டு கிழமைக்கு முன்தான் குண்டில் செத்தார். பிணம் எடுத்த கையோடு அந்த மனுசியை மேடைக்கு ஏற்றினார்கள்.

தமிழர் பக்கமும் இதே கதைதான். 1980இல் பொத்துவில் தொகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினராக ரங்கநாயகி பத்மநாதன் வந்தது சகோதரன் கனகரத்தினத்தின் சாவுக்குப் பின். 2010இல் யாழ்ப்பாணத்தில் விஜயகலா வந்தது கணவர் மகேஸ்வரன் கொல்லப்பட்ட பின். சரோஜினி யோகேஸ்வரனை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. கணவரை 1989இல் கொழும்பில் சுட்டார்கள். அந்தப் பெண் 1998 ஜனவரித் தேர்தலில் வென்று யாழ்ப்பாண மேயரானார். மே மாதம் அவரையும் வீட்டில் வைத்துச் சுட்டார்கள். கணவன் செத்தால் கதிரை, கதிரையில் இருந்தால் சாவு. இதையா உலகத்துக்கு முன்னால் பெருமையாகச் சொல்கிறீர்கள்?

கணவனைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் பக்கத்திலும் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறோம். என்ர மனுசன் யுத்த காலத்தில் வேலை முடிந்து சைக்கிளில் வந்த வழியில் காணாமல் போனவர். சைக்கிள் மட்டும் கிடைத்தது. கொண்டுபோனது யாரென்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் துக்கத்துக்கு எந்தக் கட்சியும் கதிரை போடவில்லை. எங்களுக்குக் கிடைத்தது ஆணைக்குழு முன்னால் ஒரு வாங்கும், அடுத்த ஆணைக்குழு முன்னால் இன்னொரு வாங்கும்தான். வளவுக்காரக் குடும்பத்து விதவைக்கு ஒரு சட்டம், கூலிக்காரக் குடும்பத்து விதவைக்கு வேறு சட்டம்.

மேலே இருந்த பெண்களால் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும். 1961இல் சிங்களம் மட்டும் சட்டத்துக்கு எதிராக யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் எங்கள் திருகோணமலையிலும் கச்சேரி வாசல்களில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பெண்களும் இருந்தார்கள். அவசரகாலச் சட்டம் போட்டு, பட்டாளத்தை அனுப்பி, அதை அடக்கியது சிறிமாவோவின் அரசாங்கம். 1994இல் சமாதானம் வரும் என்று நம்பிச் சந்திரிகாவுக்கு எங்கள் மாவட்டம் அள்ளிப் போட்டது. 1996இல் பள்ளிக்கூடப் பிள்ளை கிருசாந்தி செம்மணிக் காவலரணில் சீரழிக்கப்பட்டுப் புதைக்கப்பட்டது அவர் ஜனாதிபதியாக இருந்தபோதுதான். இதைச் சொல்லித்தான் எங்கள் ஆம்பிளைகள், "பொம்பிளை வந்தும் என்னத்தைக் கண்டம்?" என்கிறார்கள். எழுபது வருடமாக ஆம்பிளைகள் வந்து என்னத்தைக் கண்டோம் என்று ஒருவரும் கேட்பதில்லை. தவறு செய்த ஆம்பிளைக்கு அவன் பெயர் மட்டும் கெடும். தவறு செய்த பெண்ணுக்கோ பெண் சாதி முழுவதுமே கெட்டுப்போகும்.

இனி என் கதை. 2023 ஜனவரி. உள்ளூராட்சி வேட்புமனு முடிய இரண்டொரு நாள்தான் இருந்தது. இரவு எட்டு மணிக்குக் கட்சித் தம்பி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து படலையில் நின்றபடியே கேட்டார்: "அக்கா, பட்டியல்ல ஒரு பொம்பிளை குறையுது. ஐடென்டிக் கொப்பி ஒண்டு தாங்க." சட்டப்படி வட்டார வேட்பாளர்களில் பத்தில் ஒன்றும் மேலதிகப் பட்டியலில் பாதியும் பெண்களாக இருக்க வேண்டும். குறைந்தால் முழு மனுவும் நிராகரிக்கப்படும். அவர்களுக்குத் தேவைப்பட்டது நானில்லை, என் அடையாள அட்டை. நான் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் காலம் முழுக்க வேலை செய்தவள். எந்த வீட்டில் சமுர்த்தி உதவி வெட்டுப்பட்டது, எந்த வீட்டுப் பிள்ளை நுண்கடனுக்குப் பயந்து வெளிநாட்டுக்குப் போனது, எந்த ஒழுங்கையில் மாரிக்கு முழங்கால் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். அதை அந்தத் தம்பி கேட்கவில்லை. எந்த வட்டாரம் என்று நான் கேட்டதற்கு, "பிறகு சொல்லுறன் அக்கா" என்றார்.

அந்தத் தேர்தல் நடக்கவேயில்லை. காசில்லை என்று சொல்லி ஒத்திவைத்தார்கள். அந்த மனுக்கள் 2025 தொடக்கத்தில் சட்டம் போட்டு இரத்தாகின. மறுபடியும் வந்தார்கள், மறுபடியும் கொப்பி கொடுத்தேன். இம்முறை வேலையும் செய்தேன். சீனன்குடா என்றால் மற்றவர்களுக்கு வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள், விமானப்படைத் தளம், மாவாலை, சிமெந்து ஆலை. குதங்களை யாருக்குக் குத்தகைக்குக் கொடுப்பது என்று கொழும்பும் டில்லியும் பேசும். குதத்துக்குப் பின்னால் குடியிருப்பவளுக்குக் காணி உறுதி இல்லை என்பதை யாரும் பேசமாட்டார்கள். அந்தக் குடிசைகளுக்கெல்லாம் வெயிலில் நடந்தேன். கூட்டங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியது நான், கதிரை அடுக்கியது நான், சாப்பாட்டுப் பார்சல் கட்டியதும் நான். சுவரொட்டியில் தலைவர்களின் முகம் வாசற்கதவளவு, என் முகம் முத்திரையளவு. அதையும் இரண்டாம் நாள் பசை காயுமுன் கிழித்திருந்தார்கள்.

கூட்டம் எப்போதும் டவுனில், எப்போதும் இரவில். கடைசி பஸ் போனபின்தான் தலைவர்மார் பேசத் தொடங்குவார்கள். திரும்பி வர ஓட்டோ பிடித்தால் மறுநாள் ஊருக்குள் கதை வேறு. மா லொறியில் வந்து இறங்கினாள் என்று ஒருவன் கட்டிவிட்டான். என் மகன் அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அதே கூட்டத்திலிருந்து நடுச்சாமத்தில் குடித்துவிட்டுப் போன ஆம்பிளை வேட்பாளரைப் பற்றி ஊர் ஒரு சொல் சொல்லவில்லை.

2025 மே 6 தேர்தல் முடிந்தது. எங்கள் கட்சிக்கு 20 வீதத்துக்குக் குறைய வாக்கு, இரண்டு ஆசனம். ஒன்று வட்டாரத்தில் வென்றவருக்கு. மற்றது பட்டியலில். பட்டியல் ஆசனம் பெண்ணுக்குத்தானே என்று கேட்டேன். அப்போதுதான் சட்டத்தில் இருக்கும் பொட்டு ஓட்டையைக் காட்டினார்கள். மூன்று ஆசனத்துக்கும் 20 வீத வாக்குக்கும் குறைவாகப் பெற்ற கட்சி பெண்ணை நியமிக்கத் தேவையில்லையாம். அந்த ஆசனம் அமைப்பாளரின் மச்சானுக்குப் போனது. "சட்டப்படி சரிதான் அக்கா" என்றார் அதே தம்பி. கொப்பி கேட்டு வந்தபோது இந்தச் சட்டம் அவருக்குத் தெரியாதா? ஒரு பொம்பிளை குறைந்தால் மனு செல்லாது, ஆனால் சபைக்குள் ஒரு பொம்பிளை குறைந்தால் ஒன்றும் ஆகாது!

இந்த விதிவிலக்கை எழுதியவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும், வடக்கு கிழக்கில் வாக்கு பத்துத் துண்டாய் உடையும் என்று? சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்பது சட்டமானபின், 2018இல், நாடு முழுக்கச் சபைகளில் பெண்கள் 2 வீதத்திலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்தார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் பட்டியலில் வந்தவர்கள். வட்டாரம் கொடுக்க ஆம்பிளைகளுக்கு மனமில்லை. பட்டியலில் வந்தவளிடமும், ஒரு வருடம் இருந்துவிட்டு எழும்பு, அடுத்தவருக்கு விடு என்று இராஜினாமாக் கடிதம் வாங்கிய கட்சிகள் உண்டு.

கடைசியில் எல்லோரும் சொல்லும் சாட்டு ஒன்றுதான்: "சனம் பொம்பிளைக்குப் போடாது." பச்சைப் பொய். 2013இல் வட மாகாண சபைக்கு அனந்தி சசிதரன் 87 ஆயிரத்துக்கு மேல் விருப்பு வாக்கு எடுத்தார், விக்னேஸ்வரனுக்கு அடுத்த இடம். 2004இல் மட்டக்களப்பில் தொல்லியல் படித்த தங்கேஸ்வரி கதிராமனைச் சனம் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 2024 நவம்பரில் ஹரிணி அமரசூரியவுக்குக் கொழும்பில் ஆறரை இலட்சத்துக்கு மேல் விருப்பு வாக்கு. எந்தக் கணவனின் பிணத்தையும் காட்டாமல் பிரதமரானவர் அவர். அதே தேர்தலில் சிங்கள மாத்தறை ஒரு தமிழ்ப் பெண்ணை, சரோஜா சாவித்திரி போல்ராஜை, தெரிவுசெய்தது. அமெரிக்காவில்கூட 2016இல் ஹிலாரிக்கு ட்ரம்பைவிட ஏறக்குறைய முப்பது இலட்சம் வாக்குக் கூட, தோற்கடித்தது அவர்களுடைய தேர்தல் முறை. சனம் போடுகிறது. போடுவதற்குச் சீட்டில் பெயர் இருந்தால்தானே? அந்தப் பெயரை எழுதும் பேனை யாருடைய கையில் இருக்கிறது? நாட்டுத் தலைவி ஏன் வரவில்லை என்று மேலே பார்த்துக் கேட்கிறார்கள். வட்டாரத்திலேயே வழியை அடைத்துவிட்டால் மேலே எங்கிருந்து வருவாள்?

2025இல் வயல் பறிபோகிறதென்று முத்துநகர் விவசாயக் குடும்பங்கள் திருகோணமலையில் சத்தியாக்கிரகம் இருந்தபோது அந்த நிலத்தில் அமர்ந்திருந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெயிலில் குந்த நாங்கள் வேண்டும், காணாமல் போனவர்களின் படத்தைப் பிடித்து நிற்க நாங்கள் வேண்டும். தீர்மானம் எடுக்கும் மேசை வந்தால் மட்டும் அனுபவம் காணாது, ஆங்கிலம் காணாது, சிங்களம் காணாது.

கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012இல். 2017இல் மாகாண சபைக்கும் பெண்களுக்கு 25 வீதம் என்று சட்டம் திருத்தினார்கள். அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. நாடாளுமன்றத்துக்கோ ஒதுக்கீடு என்ற பேச்சே இன்னும் சட்டமாகவில்லை. 225 பேரில் பத்தில் ஒரு பங்கு பெண்கள்கூட இல்லை, வாக்காளரில் பாதிக்கு மேல் நாங்கள்.

தேர்தல் ஒருநாள் வைக்கத்தான் வேண்டும். வைத்தால் படலைக்கு வருவீர்கள் தம்பி. எங்கள் மாதர் சங்கத்தில் பேசி முடித்துவிட்டோம். எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள், பட்டியலில் எத்தனையாவது பெயர், வென்றால் ஆசனம் யாருக்கு என்று கட்சிச் செயலாளர் கையெழுத்துப் போட்ட கடிதம் முதலில் வரவேண்டும். அது வராமல் சீனன்குடாவில் ஒரு பெண்ணின் அடையாள அட்டையும் உங்களுக்குக் கிடைக்காது.