சாதனைப் பட்டியலும் சம்பளப் பட்டியலும்

அமெலியா இயர்ஹார்ட் குறித்து எழுதப்படுவனவற்றில் பெரும்பகுதி 1937 ஜூலை 2-ஆம் நாளையே சுற்றி நிற்கிறது. நியூகினியின் லே நகரிலிருந்து புறப்பட்ட லாக்ஹீட் எலக்ட்ரா விமானம், நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமே உள்ள ஹவுலண்ட் தீவைக் கண்டடையாமல் பசிபிக்கில் மறைந்தது. அதன்பின் பிறந்த ஊகங்களுக்கு அளவில்லை. 2024 தொடக்கத்தில் கடலடி ஒலியலைப் படம் ஒன்று அவரது விமானமாக இருக்கலாம் என்று உலகெங்கும் செய்தியானது. ஆண்டு முடிவதற்குள் அது வெறும் பாறை என்று தெரிந்துவிட்டது. அவருடைய மறைவைத் தேடுவதில் செலவாகும் உழைப்பில் சிறு பங்கேனும் அவர் வாழ்ந்த காலத்தின்மீது செலுத்தப்பட்டிருந்தால் வேறொரு கேள்வி எழுந்திருக்கும். ஒரு பெண் கடலைக் கடந்தபோது கைதட்டிய சமூகம், இன்னொரு பெண்ணுக்கு விமானத்தில் மாதச் சம்பளமுள்ள வேலையை ஏன் மறுத்தது?

1927 மே மாதம் சார்லஸ் லிண்ட்பெர்க் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்ததும், 'முதல் பெண்' என்னும் இடம் காலியாக இருப்பது பலர் கண்ணில் பட்டது. அதை நிரப்ப முயன்றவர்களின் வரலாறு துயரமானது. அதே ஆண்டு ஆகஸ்டில் இளவரசி ஆன் லோவன்ஸ்டைன்-வெர்தைம், டிசம்பரில் பிரான்சஸ் கிரேசன், 1928 மார்ச்சில் எல்சி மக்கே ஆகியோர் தத்தம் விமானங்களோடு கடலில் மறைந்தனர். ரூத் எல்டர் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே கடலில் இறங்கிக் கப்பல் ஒன்றால் மீட்கப்பட்டார். பசிபிக் பக்கம் ஹவாய்க்கு நடந்த டோல் பந்தயத்தில் மில்ட்ரெட் டோரன் என்ற இளம் பள்ளி ஆசிரியை பயணியாகச் சென்று திரும்பவேயில்லை. இவர்களுள் சிலர் விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள். சிலர் வெறும் பயணிகள். 'முதல் பெண்' பட்டத்துக்கு அந்த வேறுபாடு பொருட்டாக இருக்கவில்லை.

இயர்ஹார்ட்டின் 1928 பயணத்தை இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். ஏமி கெஸ்ட் என்ற செல்வந்தப் பெண்மணி தாமே பறக்க எண்ணியிருந்தார்; குடும்பத்தார் தடுத்ததால் தமக்குப் பதிலாகத் 'தகுதியான' அமெரிக்கப் பெண் ஒருவரைத் தேடச் செய்தார். பாஸ்டனில் சமூகப் பணியாளராக இருந்த, விமானி உரிமமும் வைத்திருந்த இயர்ஹார்ட் தேர்ந்தெடுக்கப்பட்டார். வில்மர் ஸ்டல்ட்ஸ் விமானத்தை ஓட்ட, லூயிஸ் கார்டன் துணையிருக்க, நியூஃபவுண்ட்லாந்தின் ட்ரெபாசியிலிருந்து வேல்ஸின் பர்ரி போர்ட் வரை 20 மணி 40 நிமிடப் பயணம். இயர்ஹார்ட் விமானத்தை ஓட்டவில்லை. தம்மை உருளைக்கிழங்கு மூட்டைக்கு ஒப்பிட்டு அவரே பின்னர் பேசினார். ஓட்டியவருக்கும் துணைவருக்கும் ஊதியம் உண்டு, இவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆரவாரம் முழுவதும் இவருக்கே.

இதை அவருடைய வாழ்க்கையில் ஒரு களங்கம்போலச் சிலர் எழுதுவது பொருந்தாது. களங்கம் என்று ஒன்று இருந்தால் அது தேர்வு செய்த முறையில்தான் இருக்கிறது. அங்கே தேவைப்பட்டது ஒரு பெண்ணின் இருப்பு, திறமை அன்று. பல்கலைக்கழகக் குழுக்களில் பெயர் நிரப்பச் சேர்க்கப்படும் பெண் உறுப்பினர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

1932 மே 20-இல் நிலைமை வேறு. ஹார்பர் கிரேஸிலிருந்து சிவப்பு நிற லாக்ஹீட் வேகா விமானத்தில் அவர் தனியாகப் புறப்பட்டார். இரவில் உயரமானி பழுதாயிற்று. புகைபோக்கிக் குழாயின் பற்றவைப்பில் விரிசல் விட்டுத் தீ நாக்குகள் வெளியே தெரிந்தன. இறக்கைகளில் பனி படிந்தது; விமானம் சுழன்றபடி கீழே பாய்ந்தது. பனி உருகத் தாழ்வாகப் பறக்க வேண்டும். எவ்வளவு தாழலாம் என்று சொல்ல வேண்டிய கருவியோ செயலிழந்து கிடந்தது. இருட்டில், மேகத்துக்கும் அலைக்கும் இடையே, கண்ணாலும் கணிப்பாலும் மட்டுமே அந்த இரவைக் கடந்து, 14 மணி 56 நிமிடங்களுக்குப் பின் வட அயர்லாந்தின் கல்மோரில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார்.

அவர் தலைசிறந்த விமானிதானா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. 1929-இல் நடந்த பெண்கள் விமானப் பந்தயத்தில் வென்றவர் லூயிஸ் தாடன், இயர்ஹார்ட் மூன்றாமவர். இருக்கட்டும். அந்தப் பந்தயத்தில் மார்வெல் கிராசன் உயிரிழந்தபோது, பெண்களுக்குப் பறத்தல் ஆகாது, பந்தயத்தை நிறுத்துங்கள் என்ற கூக்குரல் எழுந்ததே அதைவிடக் கவனிக்கத்தக்கது. ஆண் விமானிகள் கடலில் அடுத்தடுத்து மாண்டபோது அப்படியொரு முடிவை எவரும் ஆண்குலத்தின்மீது சுமத்தவில்லை.

1935-ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால் முரண் தெளிவாகும். ஜனவரியில் இயர்ஹார்ட் ஹவாயிலிருந்து ஓக்லண்டுக்குத் தனியாகப் பறந்தார். ஆணோ பெண்ணோ அதற்குமுன் தனியாகச் செய்யாத பயணம் அது. அதே ஆண்டில் ஹெலன் ரிச்சி என்ற விமானி, சென்ட்ரல் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் தமக்குக் கிடைத்திருந்த பணியை விட்டு விலகினார். விமானிகள் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. மோசமான வானிலையில் அவரைப் பறக்கவிட வேண்டாம் என்று அரசுத் துறையும் அறிவுறுத்தியது. பனி படிந்த இறக்கையோடு அட்லாண்டிக்கைத் தாண்டிய இன்னொரு பெண்ணை அந்நாடு கொண்டாடி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. ரிச்சிக்காக இயர்ஹார்ட் வெளிப்படையாகக் குரல் கொடுத்தார், பயனில்லை. அமெரிக்காவின் அட்டவணைப் பயணிகள் விமான நிறுவனம் ஒன்று அடுத்து ஒரு பெண் விமானியைப் பணியமர்த்த 1973 வரை ஆயிற்று.

இயர்ஹார்ட் தம் பிழைப்பை நடத்திய விதத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். சொற்பொழிவுகள், நூல்கள், பத்திரிகைக் கட்டுரைகள், தம் பெயரில் விற்ற பயணப் பெட்டிகளும் ஆடைகளும், பர்டூ பல்கலைக்கழகத்தில் மாணவியருக்குத் தொழில் ஆலோசகர் பணி. விமானம் ஓட்டுவதற்கென்று மாதச் சம்பளம் எதுவும் இல்லை. அடுத்த சொற்பொழிவுக்கு அடுத்த சாதனை தேவைப்பட்டது. 1937-இன் உலகப் பயணத்தைத் துணிச்சலின் உச்சமாகப் படிப்பவர்கள் இந்தக் கணக்கையும் கூடவே படிக்க வேண்டும்.

அந்தப் பயணத்தில் அவர் ஜூன் மாதம் கராச்சியிலும் கல்கத்தாவிலும் இறங்கினார். பின்னர் பர்மியக் கரையில் பருவமழை அவரை மறித்து அக்யாபுக்கே திருப்பியனுப்பியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சரளா தக்ரால் லாகூரில் ஜிப்சி மாத் விமானத்தை ஓட்டி விமானி உரிமம் பெற்றிருந்தார். வணிக விமானி உரிமம் பெறுவதே அவருடைய அடுத்த நோக்கம். 1939-இல் விமானியான கணவர் விபத்தில் இறந்தார்; உலகப்போர் மூண்டது; பயிற்சி நின்றது. சரளா லாகூரின் மேயோ கலைப்பள்ளியில் சேர்ந்து ஓவியம் கற்றார். இந்தியாவின் முதல் பெண்கள் குறித்த பட்டியல்களில் 1936 என்ற ஆண்டு தவறாமல் இடம்பெறுகிறது. பெறாமற்போன அந்த இரண்டாம் உரிமத்துக்கு அவற்றில் ஒரு வரிகூட இல்லை.