வீடு பள்ளியாகலாம்; சிறையாகலாமா?

"உங்கள் பிள்ளைக்கு இந்தப் பள்ளி ஒத்துவராது, அம்மா. வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுங்கள்!"

எவ்வளவு கனிவான சொற்கள்! குரலிலே கடுமை இல்லை. முகத்திலே சினம் இல்லை. ஆனால், அந்தச் சொற்களைச் செவியில் ஏற்றுக்கொண்டு படியிறங்கும் தாயின் கால்கள் தள்ளாடுகின்றன. அவள் விரலைப் பற்றியபடி வரும் சிறுவனோ, எந்தக் குற்றத்துக்காக வெளியேற்றப்பட்டோம் என்பதையே அறியாதவனாய், வாயிற்காவலருக்குக் கையசைத்து விடைபெறுகிறான். வழக்கில்லை, வாதமில்லை, மேல்முறையீடும் இல்லை. தீர்ப்பு மட்டும் வழங்கப்பட்டுவிட்டது!

யார் அந்தச் சிறுவன்? எழுத்துகள் கண்முன்னே இடம்மாறித் தடுமாற வைப்பதால் வாசிக்க முடியாமல் திணறுபவனாக இருக்கலாம். ஓரிடத்தில் ஐந்து நிமிடம் அமர முடியாமல் துடிதுடிப்பவனாக இருக்கலாம். வலிப்பு நோய்க்கு வேளை தவறாமல் மாத்திரை விழுங்குபவனாக இருக்கலாம். நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய சிறுமியாகவும் இருக்கலாம். நோய் வேறு, இடர் வேறு, இல்லம் வேறு, ஆனால் கிடைக்கும் விடை மட்டும் ஒன்றே: "வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்!"

தெருவிலே காத்திருக்கும் தீர்ப்போ இதைவிடக் கொடிது. "முற்பிறவியில் செய்த வினை" என்று முணுமுணுப்பார் ஒருவர். "தாய் கொடுத்த செல்லம்" என்று இடித்துரைப்பார் இன்னொருவர். "அடியாத மாடு படியாது" என்று பிரம்பை நீட்டுவார் மூன்றாமவர். மாட்டுக்குச் சொன்ன பழமொழியை மழலைக்குப் பொருத்திப் பார்க்கும் மதியூகிகளுக்கா நம் நாட்டிலே பஞ்சம்!

வினையும் அன்று, செல்லமும் அன்று என்பதை அறிவுலகம் என்றோ எடுத்துரைத்துவிட்டது. 1896ஆம் ஆண்டு, இங்கிலாந்து நாட்டு மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ ஏடொன்றில் எழுதினார். அறிவிலே குறைவில்லாத பிள்ளை. கண்ணிலே பழுதில்லாத பிள்ளை. ஆயினும் ஏட்டைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே இருக்குமானால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியரே கருதினார் என்பதையும் மார்கன் குறித்து வைத்தார். ஆறாண்டுகள் கழித்து, 1902இல், ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் இலண்டன் மாநகரிலே தொடர் சொற்பொழிவாற்றினார். அறிவுக் குறைவு இல்லாதிருந்தும் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றி அவர் அன்று பேசியதைத்தான், கவனக்குறைவு–மிகைச்செயல்பாடு என்று இன்று நாம் அழைக்கும் நிலையைப் பற்றிய தொடக்ககால மருத்துவப் பதிவுகளில் ஒன்றாக அறிஞர்கள் எண்ணுகின்றனர். நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நம் தெருக்களிலோ இன்னும் பிரம்புதான் மருந்து!

கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்து நாடக மேடையேறியவன் நான். ஆதலால் மேடை தந்த பாடம் ஒன்றைச் சொல்லுகிறேன். வசனத் தாளைக் கையிலே கொடுத்தால் விழி பிதுங்கும் நடிகன் உண்டு. அதே வசனத்தை இரண்டு முறை படித்துக் காட்டிவிட்டால் மூன்றாம் முறை முழங்குவான், அரங்கம் அதிரும். அவனுடைய அறிவின் வாயில் கண்ணிலே இல்லை, காதிலே இருக்கிறது. அவ்வளவுதான்! கண் வழியே வராதவனுக்கு அறிவே இல்லை என்று தாளிட்டுவிட்டால், இழப்பு அவனுக்கு மட்டுமா? அரங்குக்கும் அல்லவா?

வீட்டுக் கல்வி வேண்டாம் என்று வாதிட வரவில்லை நான். வீடு விளைவித்த விந்தைகளை வரலாறு அறியும். தாமஸ் ஆல்வா எடிசன் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே போர்ட் ஹியூரன் என்னும் ஊரில் பள்ளிக்குச் சென்றது சில மாதங்களே. ஆசிரியர் கொடுத்தனுப்பிய மடலைத் தாய் மாற்றிப் படித்துக் காட்டினாள் என்று உருக்கமான கதையொன்று நம் மேடைகளிலே உலா வருகிறது. அது கற்பனை! மூளை குழம்பியவன் என்று ஆசிரியர் தன்னைப் பற்றிச் சொன்னதைத் தானே கேட்டதாகவும், அதைத் தாயிடம் சொன்னபோது அவர் சினந்தெழுந்து பள்ளிக்கே சென்று வாதாடியதாகவும்தான் பின்னாளில் எடிசன் நினைவுகூர்ந்தார். அந்தத் தாய், நான்சி, அவரை வீட்டிலே வைத்துக் கற்பித்தார். உலகம் அவரை அறியும்.

ஆனால், தோழர்களே! அந்தக் கதையிலே நாம் சொல்ல மறக்கும் வரி ஒன்று உண்டு. நான்சி, திருமணத்துக்கு முன் ஆசிரியையாகப் பணியாற்றியவர். கற்பிக்கத் தெரிந்த தாய்; பகற்பொழுதை மகனுக்குக் கொடுக்க முடிந்த தாய். சித்தாள் வேலைக்குச் சென்றால்தான் மாலையில் அடுப்பெரியும் என்ற நிலையிலுள்ள தாயைப் பார்த்து, "நீயும் நான்சியாகு!" என்று சொல்லுவது அறிவுரையா, அவமதிப்பா?

இங்கேதான் சட்டத்தைப் பார்க்கவேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிற்று. 2012இல் அதற்கொரு திருத்தம் வந்தது. கடும் ஊனமோ பலவகை ஊனமோ உடைய பிள்ளை, வேண்டுமானால் வீடுசார்ந்த கல்வியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் உண்டு என்றது. கூர்ந்து படியுங்கள். தேர்ந்துகொள்ளும் உரிமை! யாருக்கு? பிள்ளைக்கு. பள்ளிக்கு அன்று! நோயின் கடுமையால் வர இயலாத குழந்தைக்காகத் திறக்கப்பட்ட வாயில் அது. அந்த வாயில் வழியே வேண்டாத பிள்ளைகளை வெளியே தள்ளத் துணிந்தால், அதற்குப் பெயர் வீட்டுக் கல்வியா? நாடு கடத்தல் அல்லவா!

இந்தத் தந்திரம் நமக்கு மட்டும் உரியதன்று. பிள்ளை பள்ளியிலோ பிறவழியிலோ கல்வி பெறச் செய்வது பெற்றோர் கடமை என்று 1944லேயே சட்டம் இயற்றிய நாடு இங்கிலாந்து. வீட்டுக் கல்விக்கு அங்கே தடையில்லை. ஆனால், தம் நலனைக் கருதிப் பிள்ளைகளைப் பதிவேட்டிலிருந்து நழுவவிடும் பள்ளிகளை அந்நாட்டின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் கண்டிக்க நேர்ந்தது. சட்டம் தந்த உரிமையையே சாக்காக்கும் வித்தை எல்லா நாட்டுக்கும் பொதுவோ!

2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. கற்றலில் உள்ள குறிப்பிட்ட குறைபாடுகளை இயன்றவரை விரைவிலே கண்டறிந்து, ஏற்ற முறையிலே கற்பிக்கவேண்டும் என்று அது கல்வி நிலையங்களுக்குக் கட்டளையிடுகிறது. தேர்விலே கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கும் வழி சொல்லுகிறது. 21 வகைகளை அது அட்டவணையிட்டது. வரவேற்போம், வாழ்த்துவோம். ஆனால் அந்த 21லே கவனக்குறைவு–மிகைச்செயல்பாடு தனியொரு வகையாக இடம்பெறவில்லையே! துடிதுடிக்கும் பிள்ளையின் தாய் எந்த வரிசையிலே போய் நிற்பாள்? இன்சுலின் ஊசியோடு வரும் சிறுமிக்கும் அந்த அட்டவணையிலே இடமில்லை. பட்டியலிலே பெயரில்லை என்பதால் படும் துன்பமும் பொய்யாகிவிடுமா?

ஆசிரியர்மீது பழி சுமத்தி நான் ஒதுங்கிக்கொள்ளப் போவதில்லை. நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பிலே ஒற்றை ஆளாக நிற்பவருக்கு, துள்ளும் ஒரு பிள்ளையைத் தனியே கவனிக்க எங்கிருந்து வரும் நேரம்? அவரிடம் பயிற்சி தராமல் பொறுமையை மட்டும் கேட்பது அரசின் கடமையை அவர் தலையிலே ஏற்றுவதாகும்.

ஆகவே, கேட்கவேண்டிய இடத்திலே கேட்போம். பள்ளியை விட்டு நோயுற்ற பிள்ளையோ இடர்ப்படும் பிள்ளையோ நீங்கினால், காரணத்தை எழுத்திலே கொடுக்கவேண்டும். கல்வி அலுவலர் பெற்றோரை நேரிலே கேட்டறியவேண்டும். வீட்டைத் தேர்ந்த குடும்பத்துக்குச் சிறப்பாசிரியர் குறித்த நாளிலே வரவேண்டும். வருகைப் பதிவேட்டிலே வந்துபோகும் பெயராக மட்டும் இருத்தலாகாது. 1989இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியே வீட்டிலிருந்தே பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதலாம் என்பதைப் பெற்றோர்க்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். மீண்டும் பள்ளிக்கு வர விரும்பும் பிள்ளைக்குக் கதவு திறந்தே இருக்கவேண்டும். பிள்ளைக்காக வேலையைத் துறந்த தாய்க்கு உதவித்தொகையும், வாரத்தில் ஒருநாளேனும் ஓய்வும் கிடைக்க வழிசெய்யவேண்டும். அவளும் மனித உயிர்தானே!

"ஆகுமா இதெல்லாம்?" என்று ஐயுறுவோர் அண்மை வரலாற்றைப் பார்க்கட்டும். பெருந்தொற்று பள்ளிகளைப் பூட்டியபின், 2021இல், 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலரைத் திரட்டித் தெருத்தெருவாக அனுப்பியது தமிழ்நாடு. நலமுள்ள பிள்ளையைத் தேடிச் செல்ல வழி கண்ட நாட்டுக்கு, நலம் குன்றிய பிள்ளையின் வீட்டுக்குச் செல்லும் பாதை மட்டும் தெரியாமற் போகுமா?

வீடு பள்ளியாகட்டும், விரும்பும் தாய்க்கு! அதற்கு அரசு துணை நிற்கட்டும். ஆனால், விரும்பாத தாயின் வீட்டைச் சிறையாக்கி, பிள்ளையைக் கைதியாக்கி, பெற்றவளைக் காவலாக்கி, அதற்குக் 'கல்வி' என்று பெயரும் சூட்டும் கயமையை இனியும் பொறுத்தல் ஆகாது. பிள்ளை பள்ளிக்கு ஒத்துவரவில்லை என்று கூறுவோரே! பிள்ளைக்கு ஒத்துவரும் பள்ளியை அமைப்பதுதான் உங்கள் பணி. அதற்காகத்தான் நாடு உங்களுக்குக் கட்டடமும் பலகையும் தந்திருக்கிறது!