இருபது ஆண்டுக்கு ஒரு கைப்பை

சென்ற ஐப்பசியில் உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு கைப்பையை எடுத்தேன். வாங்கி நான்கு ஆண்டுகள் இருக்கும். நல்ல நாளுக்கென்று பாலித்தீன் உறையில் பொதிந்து வைத்திருந்ததால், அது வெளியே போனது ஐந்தாறு தடவைதான். மண்டபத்தில் போய் இறங்கியபோது பட்டுச்சேலையின் தோள் மடிப்பு முழுக்கக் கருப்புச் செதில்கள். தட்டினால் உதிரவில்லை, தேய்த்தால் தார்போல இழுபட்டு ஒட்டிக்கொண்டது. பையின் வார் பாம்புச் சட்டைபோல் உரிந்திருந்தது.

தோல் என்று நம்பி நான் வாங்கியது, துணியின்மேல் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக்கைப் பூசிய பொருள். காற்றில் இருக்கும் ஈரம் அந்தப் பூச்சின் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. வேதியியலில் இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். பையைத் தோளில் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் அது நடந்துகொண்டே இருக்கும். வெப்பமும் புழுக்கமும் கூடினால் வேகமாக நடக்கும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் பீரோவுக்குள்ளேயே பை செத்துப்போவதற்குக் காரணம் இதுதான். பத்திரப்படுத்தினால் உழைக்கும் என்ற நம் வழக்கமான கணக்கு இந்தப் பொருளிடம் செல்லாது.

அதே பீரோவின் கீழ்த்தட்டில் இருப்பது, தினமும் வேலைக்கு எடுத்துப்போகும் பழுப்புநிறத் தோல்பை. 2009-ல் வாங்கியது. அன்றைய சம்பளத்துக்கு அது பெரிய செலவு. வாங்கிய இரவு தூக்கம்கூடச் சரியாக வரவில்லை. மின்சார ரயில் நெரிசலில் நசுங்கியிருக்கிறது, மழையில் நனைந்திருக்கிறது, சாம்பார் கொட்டியிருக்கிறது. வாரை இரண்டு முறை, ஜிப் ரன்னரை ஒரு முறை மாற்றியாகிவிட்டது. இன்னும் உழைக்கிறது. இரண்டு பைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, கைப்பை வாங்குவதை ஆசைக்குச் செய்யும் செலவாக நினைக்க என்னால் முடியவில்லை. வீட்டுக்குக் குக்கரோ மிக்ஸியோ வாங்கும்போது எப்படி விசாரிக்கிறோமோ, அப்படி விசாரித்துச் செய்யவேண்டிய காரியம் அது.

விசாரணையைத் தோலிலிருந்தே தொடங்கலாம். மாட்டுத்தோலைக் கிடைவாக்கில் பிளந்து அடுக்குகளாக எடுப்பார்கள். மயிர் இருந்த மேலடுக்கில்தான் நார்கள் நெருங்கிப் பின்னியிருக்கும். கீழிருந்து வரும் ‘ஸ்ப்ளிட்’ தளர்ந்த நார். அதன்மேல் பிளாஸ்டிக் பூசி, தோலின் ரேகையை அச்சாக அழுத்தி விற்பதும் உண்டு. தோல் தூளையும் துணுக்குகளையும் பசையில் குழைத்துத் தகடாக்கினால் அது ‘பாண்டட் லெதர்’. கடைக்காரரின் வாயில் இவை எல்லாமே ‘லெதர்’தான். ‘ஜெனுயின் லெதர்’ என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தாலும், பிராணியின் தோல் என்ற அளவுக்குத்தான் அந்தச் சொல் உறுதி தருகிறது. எந்த அடுக்கு என்று சொல்வதில்லை. ஆகவே முகப்பைப் பார்க்காமல் ஓரத்தைப் பார்க்க வேண்டும். வாரின் வெட்டுமுனையில் நார் நாராகத் தெரிந்தால் தோல். துணி இழையும் அதன்மேல் மெல்லிய ஏடும் தெரிந்தால் பூச்சு. ஓரம் முழுக்கத் தடித்த வண்ணத்தால் மூடியிருந்தால், பையைத் திறந்து உள்பாக்கெட்டின் விளிம்பைப் பார்க்கலாம். அங்கே மறைக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

தோலை எப்படிப் பதனிட்டார்கள் என்பதும் முக்கியம். நம் பக்கத்தில் பழைய முறை ஆவாரம்பட்டை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டியில் தோலை வாரக்கணக்கில் போட்டு எடுப்பார்கள். இப்படிப் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போனது. கிழக்கிந்தியத் தோல் என்ற பொருளில் அதற்கு ‘ஈ.ஐ. லெதர்’ என்று பெயர் நிலைத்து, இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனீட்டைச் சோதித்துப் பரப்பினார். குரோம் உப்பு சில வாரத்து வேலையை ஒருநாள் பொழுதுக்குள் முடித்துவிடும். தோலும் மென்மையாக, பலநிறச் சாயம் ஏற்கும்படி வரும். உலகில் இன்று விற்கும் தோலில் பெரும்பகுதி குரோம்தான். பட்டைத்தோல் விறைப்பானது, நனைந்தால் கறை பிடிக்கும். ஆனால் கைபடக் கைபட நிறம் ஆழ்ந்துகொண்டே போகும், கீறல்கூட அதில் கலந்து மறையும். மழையில் அலைகிறவர்களுக்குக் குரோம் தோலே வசதி என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குப் பட்டைத்தோல்மேல் ஒரு பாசம் உண்டு. அதற்காக அதுதான் எல்லோருக்கும் சரி என்று சொல்ல மாட்டேன்.

தோலைவிட முன்னதாகச் சாவது தையல். தையல் மிஷின் போடும் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கிபோல் பிடித்துக்கொண்டிருக்கும்; ஓரிடத்தில் அறுந்தால் அக்கம்பக்கமும் தளர ஆரம்பிக்கும். குதிரைச் சேணம் தைத்தவர்களின் கைத்தையல் வேறு மாதிரி. ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் நுழைத்து எடுப்பார்கள். ஒரு பக்கத்து நூல் அறுந்தாலும் மறுபக்கம் தாங்கும். இந்தக் கைத்தையல் எல்லாருடைய விலைக்கும் எட்டாது. ஆனால் பிடியும் வாரும் பையோடு சேரும் இடத்தில் மிஷின் தையலாவது இரட்டை ஓட்டமாக இருக்கிறதா, கூடவே ரிவிட் அடித்திருக்கிறார்களா என்று பார்க்க முடியும். நம் பைக்குள் போவது செல்போனும் பர்ஸும் மட்டுமா? சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை, வீடு திரும்பும்போது அரைக்கிலோ தக்காளி. கடையில் கண்ணாடி முன் காலிப்பையை மாட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. நான் கொண்டுபோன பையிலிருப்பதை எல்லாம் புதுப்பையில் மாற்றிப்போட்டு, ஐந்து நிமிடம் நடந்து பார்ப்பேன். சேலை கட்டியிருக்கும் நாளில்தான் பை வாங்கப் போவேன். பட்டின்மேல் வழுக்கி இறங்கும் வார் சுடிதாரின்மேல் உட்கார்ந்துகொண்டு நம்மை ஏமாற்றிவிடும். பக்கிள், வளையம் போன்றவை பித்தளையாக இருந்தால் நம் வேர்வைக்குக் கருக்கும், துடைத்தால் மீளும். துத்தநாகக் கலவைமேல் பூசிய பொன்முலாம் உரிந்தால் மீளவே மீளாது.

ஆர்ப்பாட்டமில்லாத பையைத்தான் ஏன் தேர வேண்டும்? பலர் இதை வயசானவர்களின் ரசனை என்று நினைக்கிறார்கள். நான் இதை ஆயுள் சம்பந்தப்பட்ட விஷயமாகவே பார்க்கிறேன். தோலும் தையலும் நன்றாக இருந்தும் பரணுக்குப் போன பைகளை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்த வருடம் எல்லோரும் வைத்திருந்த குஞ்சம், பெரிய எழுத்து முத்திரை, மினுமினுப்பு, எந்தச் சேலையோடும் சேராத பச்சை. பொருள் தேயுமுன் கண்ணுக்கு அலுத்துவிடுகிறது. பழுப்பு, கருப்பு, அரக்கு நிறத்தில் கோடு கோணல் இல்லாத ஒரு பை அலுவலகத்துக்கும் போகும், ஆஸ்பத்திரிக்கும் போகும், துக்க வீட்டுக்கும் போகும், வரவேற்புக்கும் போகும். கண்ணை உறுத்தாததால் கூடவே இருக்கும். கூடவே இருப்பதுதான் உழைக்கும்.

இங்கிலாந்தின் இரண்டாம் எலிசபெத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. வால்சல் ஊரில் பட்டறை வைத்திருக்கும் லோனர் நிறுவனத்துக்கு 1968-ல் அவருடைய அரச அங்கீகாரம் கிடைத்தது. கயிற்று முறுக்குப் போன்ற சின்ன உலோகக் குறி, முழங்கையில் தொங்கும் பிடி, பெரும்பாலும் கருப்பு. அதே சாயலில்தான் அரை நூற்றாண்டு. 2022 செப்டம்பர் 6 அன்று, காலமாவதற்கு இரண்டு நாள் முன்பு, பால்மோரலில் புதிய பிரதமரை வரவேற்ற புகைப்படத்திலும் இடது கையில் கருப்புப் பை தொங்குகிறது. அவரிடம் பைகள் ஏராளம் இருந்தன. சிக்கனத்துக்கு அவர் உதாரணம் ஆகமாட்டார். ஆனால் ஐம்பது ஆண்டுப் படங்களை வரிசையாக வைத்தால், எந்தப் பை எந்த வருடத்தது என்று சொல்ல முடியாது. எளிய வடிவத்துக்கு இருக்கும் ஆயுளை அதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை.

பெயருக்குக் கொடுக்கும் விலை வேறு, உழைப்புக்குக் கொடுக்கும் விலை வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் டியோர் குழுமத்தின் உற்பத்திக் கிளையை நீதிமன்ற நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்தது. அது 2025-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு பையைச் செய்துதர, மூலப்பொருள் நீங்கலாக 53 யூரோதான் ஒப்பந்தப் பட்டறைக்குப் போனது என்று அந்த வழக்கின் ஆவணங்கள் சொல்லின. ஆகவே விலையுயர்ந்தது உழைக்கும் என்ற நம்பிக்கையும் நம்மைக் காப்பாற்றாது. மறுபக்கம், மலிவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றரை ஆண்டு உழைக்கும் 1,200 ரூபாய்ப் பையைப் பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு முறை வாங்கினால் 9,600 ரூபாய். 6,500 ரூபாய்த் தோல்பையை வாங்கி, ரிப்பேருக்கு ஆயிரம் செலவழித்தாலும் 7,500. ஆனால் அந்த 6,500-ஐ ஒரே மூச்சில் எடுத்துவைக்க முடியாதவர்கள்தான் இங்கே அதிகம். அவர்களைப் பார்த்து ‘நல்லதாக ஒன்று வாங்குங்கள்’ என்று உபதேசிப்பது நியாயமில்லை. தோல் வேண்டாம் என்று கொள்கையாக இருப்பவர்களும் உண்டு. இரு சாராருக்கும் கெட்டியான கேன்வாஸ் பை இருக்கிறது. வாரில் பட்டை நாடா வைத்துத் தைத்தால் பல ஆண்டு வரும், துவைக்கலாம், கிழிந்தால் தெருமுனை டெய்லரே ஒட்டுப்போடுவார். ‘வீகன் லெதர்’ என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி, என் பட்டுச்சேலையைக் கெடுத்த அதே பூச்சுதான்.

தமிழ்நாட்டுக்காரருக்கு இந்த விஷயத்தில் கூடுதலாக ஒரு கடமை இருப்பதாக நினைக்கிறேன். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த ஊர்கள் பாலாற்றங்கரையில் இருக்கின்றன. இந்த ஆலைகளின் கழிவை எதிர்த்து வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படித்தால் கை நடுங்கும். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த கிட்டத்தட்ட 35 லிட்டர் தண்ணீர். குரோம் பதனீட்டில் 170 வகை ரசாயனங்கள். முழுதாகவோ பகுதியாகவோ விளைச்சலுக்கு உதவாமல் போன நிலம் சுமார் 35,000 ஹெக்டேர். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. ஆனாலும் 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. பட்டைத்தோலும் முற்றிலும் நிரபராதி இல்லை. பச்சைத்தோல் அழுகாமலிருக்கப் போடும் உப்பு எந்த முறையிலும் தண்ணீருக்குத்தான் வருகிறது. 1948-ல் தொடங்கப்பட்டு அடையாற்றில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் குரோம் பதனீட்டில் தண்ணீரைத் தவிர்க்கும் தொழில்நுட்பம் வரை வந்திருக்கிறது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் ஏற்கெனவே ஓர் ஆறு விலை கொடுத்துவிட்டது. அந்த விலையில் பிறந்த தோலை இரண்டு வருடத்தில் குப்பையில் எறிய எனக்கு மனம் ஒப்பவில்லை.

வாங்குபவரின் நல்லெண்ணம் மட்டும் போதாது. பையோடு தகவலும் வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் செருப்பு, ஷூக்களின் மேற்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி ஒவ்வொன்றும் எதனால் ஆனது என்று காட்ட வேண்டுமென 1994-லேயே விதி வந்தது. தோலல்லாத பொருளைத் தோல் என்ற சொல்லால் விற்பதை இத்தாலி 2020-ல் சட்டம்போட்டுத் தடுத்தது. இங்கேயும் ஒவ்வொரு கைப்பையிலும் வெளிப்புறம், வார், உள்துணி மூன்றும் எந்தப் பொருள், தோலானால் எந்த அடுக்கு என்பது தமிழிலும் அச்சாகித் தொங்க வேண்டும். பூச்சுப் பொருளானால் எத்தனை ஆண்டில் உரியும் என்பது தயாரிப்பாளருக்குத் தெரியாத ரகசியமல்ல, அதையும் எழுதட்டும். வாரும் ரன்னரும் உதிரியாகக் கிடைக்க ஏற்பாடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பை தைக்கும் கைகளுக்கு உட்கார இடம் வேண்டும். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், தெருவில் பொருள் விற்பவரோடு சேவை செய்பவரையும் சேர்த்தே பாதுகாக்கிறது. ஆனால் நடைபாதையை அழகுபடுத்தும்போது முதலில் எழுப்பப்படுவது செருப்பும் பையும் தைப்பவர்தான்.

எங்கள் பேருந்து நிலைய வாசலில் இருப்பவர் இதுவரை மூன்று இடம் மாறிவிட்டார். பழுப்புப் பையின் ரன்னர் பல்லை விட்டு நழுவ ஆரம்பித்தபோது, அவரைத் தேடிக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது. பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, இந்த நம்பர்ல பித்தளை ரன்னர் இப்ப வர்றதே இல்ல. பழைய பையில கழட்டினது இருக்கும். போடட்டுமா?” என்றார். தகர டப்பாவைக் கோணியின்மேல் கவிழ்த்தார். எத்தனையோ பேருடைய பைகளின் பக்கிள்களும் வளையங்களும் ரன்னர்களும் குவிந்தன. ஒவ்வொன்றாக மாட்டி இழுத்துப் பார்த்தார். மூன்று சேரவில்லை. நான்காவது ஓடியது. இடுக்கியால் லேசாக ஓர் அழுத்து அழுத்தி, பல்வரிசை நெடுகிலும் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்து, திறந்து மூடிக் காட்டிவிட்டு நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.