எந்த வெள்ளை என்று கேளுங்கள்

கோவையில் மார்கழிக் குளிர் இறங்கியதும் எங்கள் மொட்டைமாடி ரோஜாவுக்கு யாரோ திருநீறு பூசிவிட்டதுபோல் ஆகிவிடும். தளிர் சுருண்டு, மொட்டின் காம்புவரை வெண்சாம்பல் படியும். முதல் வருஷம் மருந்துக்கடைக்கு ஓடினேன். "செடியெல்லாம் வெள்ளையா இருக்குங்க" என்றேன். கடைக்காரர் தலை நிமிராமல் ஒரு புட்டியை எடுத்து வைத்தார். "மாவுப்பூச்சிங்க, இதை அடிங்க." மூன்று வாரம் அடித்தேன். செடியில் பூச்சியே இல்லை, சாவதற்கு. மொட்டுகள்தான் விரியாமல் காய்ந்தன.

கேட்காமல் கொடுத்தது அவர் தப்பு. வெறுங்கையோடு போய் நின்றது என் தப்பு.

ரோஜாவில் வருவது சாம்பல் நோய். பூஞ்சணம் அது, தேய்த்தால் விரலில் மாவாக ஒட்டும். மற்றப் பூஞ்சணங்கள் பலவற்றுக்கும் இலை நனைந்திருக்க வேண்டும். இதற்கு அது தேவையில்லை. இதமான பகல், ஈரக்காற்று வீசும் இரவு, இடைவெளியில்லாமல் அடுக்கிய தொட்டிகள் போதும். செம்பருத்தியின் கணுக்களில் பஞ்சு ஒட்டியதுபோல் இருப்பதுதான் மாவுப்பூச்சி. நசுக்கினால் நீர் கசியும், கீழ் இலைகள் பிசுபிசுக்கும். எறும்பு சாரை சாரையாக ஏறினால் சந்தேகமே வேண்டாம். மூன்றாவது வகை வெள்ளை ஒரு நோயே இல்லை. போர் தண்ணீரை இலைமேல் தெளித்துக் காயவிட்டால் படியும் உப்பு. எதிர்வீட்டு அக்கா இந்த உப்புக்கு இரண்டு மாதம் மருந்தடித்தார். வினிகர் கலந்த நீரில் துணியை நனைத்துத் துடைத்தோம், போய்விட்டது. இதை எழுதியதற்கு என்னோடு ஒரு வாரம் பேசமாட்டார்.

சாம்பல் நோய்க்கு இப்போது நான் செய்வது இதுதான். நோய்கண்ட இலைகளை வெட்டிக் குப்பையில் போட்டு, தொட்டிகளைத் தள்ளி வைப்பேன். நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்துச் சாயங்காலம் தெளிப்பேன். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் தெளித்தால் இலை பொசுங்கும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் கூடாது. ஆரம்பத்திலேயே கண்ணில் பட்டால் ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளிப்பதும் உண்டு. பாட்டி வைத்தியம் என்று சிரிக்க வேண்டாம். பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் என்ற ஆய்வாளர் சுக்கினிச் செடியின் சாம்பல் நோயில் பாலைச் சோதித்து, பலன் உண்டு என்று 1999-இல் எழுதியிருக்கிறார்.

மாவுப்பூச்சிக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிர்த்துவிட்டு, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தால் வீட்டுச் செடிக்குப் போதும். கடும் மருந்து என்ன செய்யும் என்பதை எங்கள் ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் கோவைப் பக்கம்தான் முதலில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்து மாற்றி மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த, கொசுவைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. நாம் தெளிக்கும் விஷம் முதலில் கொல்வது இப்படிப்பட்ட கூட்டாளிகளைத்தான். பொறிவண்டு ஒன்றின் புழுவும் உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழையோடு மாவுப்பூச்சி வேஷத்திலேயே திரியும். கொஞ்சம் பெரியது, விறுவிறுவென்று நகரும். மாவுப்பூச்சியைத் தின்னும் அதையே நான் பத்துப் பதினைந்து தேடித் தேடி நசுக்கியிருக்கிறேன்.

அந்த ரோஜாவுக்கு ஒரு முழம் தள்ளித்தான் கறிவேப்பிலை நிற்கிறது. காற்றில் போகும் மருந்து அதன்மேலும்தான் விழுகிறது. ஆகவே மருந்து விற்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: புட்டியை எடுப்பதற்கு முன் "எந்தச் செடி? எறும்பு ஏறுதா?" என்று கேளுங்கள். வாங்குகிறவர்கள் நோய்கண்ட இலை ஒன்றைச் செய்தித்தாளில் மடித்து எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், கடை போய்ச் சேர்வதற்குள் வியர்த்துவிடும்.