மாத்திரைக்கு உடம்பு பழகிவிட்டதா?

விறைப்புத்தன்மைக் குறைபாட்டுக்கு மாத்திரை எடுக்க ஆரம்பித்த ஆண்களில் பலருக்கு இரண்டு, மூன்று வருடங்கள் கழித்து ஒரு சந்தேகம் வருகிறது. ‘முதல்ல 50 மில்லிகிராம் போதுமா இருந்துச்சு. இப்ப 100 போட்டாலும் பழைய மாதிரி இல்லையே, உடம்பு பழகிடுச்சோ?’ இந்தக் கேள்வியை டாக்டரிடம் கேட்பவர்கள் குறைவு. மெடிக்கல் ஷாப்காரரிடமோ, நண்பரிடமோ கேட்பவர்களே அதிகம். யாரிடமும் கேட்காமல் இரண்டு மாத்திரையாகப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு.

இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால், மாத்திரை என்ன செய்கிறது என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

சில்டெனாஃபில், அதாவது வயாகரா என்ற பெயரில் உலகம் அறிந்த மருந்து, முதலில் நெஞ்சுவலிக்காகத்தான் பரிசோதிக்கப்பட்டது. நெஞ்சுவலிக்குப் பெரிதாகப் பலன் தரவில்லை. ஆனால், பரிசோதனைக்கு வந்த ஆண்கள் வேறொரு ‘பக்க விளைவை’ச் சொன்னார்கள். அதைப் பின்தொடர்ந்துபோய்தான் 1998 மார்ச்சில் அமெரிக்காவில் இதற்கு அனுமதி வாங்கினார்கள். 2003-ல் டடாலாஃபிலும் வார்டெனாஃபிலும் வந்தன.

ஆசை எழும்போது ஆணுறுப்பின் நரம்புகளிலிருந்தும் ரத்தக்குழாய்களின் உட்சுவரிலிருந்தும் நைட்ரிக் ஆக்ஸைடு சுரக்கிறது. அது அங்குள்ள தசைகளைத் தளர்த்துகிறது, ரத்தம் பாய்ந்து நிறைகிறது, விறைப்பு வருகிறது. இந்தத் தளர்ச்சியை முடித்துவைக்க ஒரு என்சைம் இருக்கிறது. மாத்திரை அந்த என்சைமைத் தடுத்து, விறைப்பு நீடிக்க உதவுகிறது. அவ்வளவுதான். ஆசையை அது உண்டாக்காது. சுரக்காத நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரக்கவைக்கவும் அதனால் முடியாது. உடம்பு அனுப்பும் சமிக்ஞையைப் பெரிதாக்கிக் காட்டுகிற ஒலிபெருக்கி என்று வைத்துக்கொள்ளலாம். பேசுகிறவரின் குரலே தேய்ந்துகொண்டே போனால் ஒலிபெருக்கி என்ன செய்யும்?

பலன் குறைவதன் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. தூக்க மாத்திரைக்கு உடம்பு பழகுவதுபோல இந்த மாத்திரைக்குப் பழகுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மருந்து நிறுவனத்தின் ஆதரவில் நடந்த நான்கு வருட ஆய்வு ஒன்றில் 979 ஆண்கள் சேர்ந்தார்கள். ஒவ்வொரு வருட முடிவிலும், பதில் சொன்னவர்களில் 94 சதவிகிதத்துக்கு மேற்பட்டவர்கள் பலனில் திருப்தி என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பலன் கிடைக்காதவர்கள் நடுவிலேயே விலகிவிடுவார்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். 2001-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு வேறு மாதிரி சொன்னது. இரண்டு வருடம் கழித்து விசாரித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார். பலன் போய்விட்டதென்று நிறுத்தியவர்களும் கணிசமாக இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மருந்து பலருக்கு வருடக்கணக்கில் வேலை செய்கிறது, சிலருக்குக் குறைகிறது. குறைபவர்களுக்கு மாறியது மருந்தா, உடம்பா என்பதே விஷயம்.

மதுரைப் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் 52 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்தே வேலை. தொப்பை விழுந்து பத்து வருடமாகிறது. சர்க்கரை இருக்கிறது, மாத்திரையும் எடுக்கிறார். ஆனால் மூன்று மாத சராசரி டெஸ்ட் எடுத்து இரண்டு வருடமாகிறது. ‘பவர் பத்தலை, வேற கம்பெனி மாத்திரை எழுதிக் கொடுங்க டாக்டர்’ என்று வந்து நிற்கிறார்.

“மாத்திரையை அப்புறம் பார்ப்போம் சார். முதல்ல சுகர் எவ்வளவுன்னு சொல்லுங்க. மாடி ஏறினா மூச்சு வாங்குதா?” என்றுதான் நல்ல டாக்டர் கேட்பார்.

“அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?”

சம்பந்தம் நிறைய. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்தின் ரத்தக்குழாய் 3, 4 மில்லிமீட்டர். கொழுப்பு படிந்து ரத்தக்குழாய்கள் பழுதாக ஆரம்பித்தால், குறுகலான குழாயில்தான் முதலில் அடைப்பு தெரியும். அதனால் பலருக்கு நெஞ்சுவலி வருவதற்குச் சில வருடங்கள் முன்பே படுக்கையறையில் அறிகுறி வந்துவிடுகிறது. ‘மாத்திரை வேலை செய்யலை’ என்று ஒருவர் புலம்புவது, சில சமயம் இதயம் முன்கூட்டி அனுப்பும் தகவல். அந்தத் தகவலைப் படிக்காமல் அளவை மட்டும் கூட்டுவது ஆபத்து.

சர்க்கரை நோய் ரத்தக்குழாயை மட்டும் விடுவதில்லை. நரம்பையும் கெடுக்கிறது, நைட்ரிக் ஆக்ஸைடு சுரப்பதையும் குறைக்கிறது. சர்க்கரை நோயுள்ள ஆண்களிடம் நடத்தி 1999-ல் வெளியான ஆய்வில், சில்டெனாஃபில் எடுத்தவர்களில் 56 சதவிகிதத்தினருக்குத்தான் முன்னேற்றம் தெரிந்தது. வருடங்கள் கூடக்கூட, கட்டுப்பாடு இல்லாத சர்க்கரை அந்தப் பலனையும் அரிக்கும். இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் கணக்கு சொன்னது. அந்த வீடுகளில் எத்தனை வீட்டில் இது பேசப்படாமல் கிடக்கிறதோ!

நல்ல செய்தியும் உண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், உடல்பருமனும் விறைப்புக் குறைபாடும் இருந்த 110 ஆண்களை இரண்டு வருடம் கவனித்தார்கள். பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி, எடைக்குறைப்பு பற்றித் தனித்தனியாக வழிகாட்டினார்கள். மீதிப் பேருக்குப் பொதுவான அறிவுரை மட்டும். வழிகாட்டல் பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இயல்பு நிலைக்குத் திரும்பினார். மற்ற பிரிவில் 55 பேரில் மூன்றே பேர். 2004-ல் வெளியான இந்த ஆய்வை மாத்திரை விளம்பரம் பார்க்கிற அத்தனை பேரும் பார்த்திருக்க வேண்டும். நடைப்பயிற்சியை விளம்பரம் செய்ய யாருக்கும் லாபமில்லை என்பதால், பார்த்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் நோயே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. மாத்திரையைத் தப்பாக எடுப்பவர்கள் ஏராளம். பிரியாணி சாப்பிட்ட கையோடு சில்டெனாஃபில் போட்டால், கொழுப்பான உணவு அதை உடம்பில் சேரவிடாமல் தாமதப்படுத்தும். வெறும் வயிற்றில் எடுத்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். டடாலாஃபிலுக்குச் சாப்பாடு தடையில்லை. 36 மணி நேரம் வரை அதன் வேலை இருக்கும். மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் இரண்டு வேலையும் கெடும். ஒருமுறை, இரண்டு முறை எடுத்துவிட்டு ‘செட் ஆகலை’ என்று தூக்கிப்போடுபவர்களும் இருக்கிறார்கள். சரியான அளவில், சரியான முறையில் ஆறேழு முறையாவது எடுத்துப் பார்க்காமல் பலனில்லை என்று டாக்டர்கள் முடிவு செய்வதில்லை. சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருக்கும். அதைச் சரிசெய்தால் அதே மாத்திரை மறுபடி கேட்கும். சிலருக்கு தினமும் எடுக்கும் 5 மில்லிகிராம் டடாலாஃபில் பொருந்தும்.

மூலிகை என்ற பெயரில் வரும் பொட்டலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘பக்க விளைவே இல்லாதது’ என்று விற்கப்படும் பல பொருள்களில் சில்டெனாஃபில் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்பது அதை விற்பவருக்கே தெரியாது.

மாத்திரையே கேட்காத நிலை வந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. வெற்றிடக் கருவி, ஆணுறுப்பில் போடும் ஊசி, கடைசியாக உள்ளே பொருத்தும் இம்ப்ளான்ட் என்று அடுத்தடுத்த வழிகள் இருக்கின்றன. சிறுநீரக சிறப்பு மருத்துவரான யூராலஜிஸ்ட்டைப் பார்த்தால் சொல்வார்.

இதில் மனைவியின் பங்கு என்ன? பெரும்பாலான வீடுகளில் மாத்திரை சட்டைப்பையிலோ, பைக் டேங்க் கவரிலோ ஒளிந்திருக்கிறது. ‘மாத்திரை போட்டாத்தான் என் மேல ஆசை வருதா?’ என்று அவர் நினைத்துவிடுவாரோ என்ற பயம். ஆசை இல்லாவிட்டால் மாத்திரை வேலையே செய்யாது என்பதை அவரிடம் சொன்னால், அந்தக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டியதற்கு இன்னும் பெரிய காரணம் ஒன்று உண்டு. கணவருக்கு ராத்திரி திடீரென்று நெஞ்சுவலி வந்தால், பதறிப்போய் நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைப்பவர் பெரும்பாலும் அவர்தான். சார்பிட்ரேட்டும் விறைப்பு மாத்திரையும் உடம்பில் ஒன்றுசேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு விழும். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் சார்பிட்ரேட் கொடுக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போனதும், என்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டார் என்பதை டியூட்டி டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். பேச முடியாத நிலையில் அவர் படுத்திருந்தால், அதைச் சொல்ல மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.