எரிந்த கொப்பியும் எரியாத கடனும்

"கொழும்பு மாறிவிட்டது, இனி எங்களுக்கு இங்கே வியாபாரம் இல்லை." ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றால் காதில் விழுவது இந்தப் பேச்சுத்தான். மாறியது உண்மை. ஆனால் எதனால் நாம் தளர்ந்தோம் என்பதைச் சரியாகக் கணக்குப் பார்த்தோமா?

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். வாப்பாவின் பலசரக்குக் கடை வெள்ளவத்தையில். எழுபதுகளின் பிற்பகுதியில், பாடசாலை விடுமுறை என்றால் வாப்பாவுடன் இ.போ.ச. பஸ்ஸில் ஏறிக் காலி வீதியில் இறங்குவேன். பாணுக்கும் துணிக்கும் கியூவில் நின்ற காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் சம்பளம் எடுக்கும் நாளில் எங்கள் லாச்சி நிறையும். மற்ற நாட்களில் கடன் கொப்பிதான். அந்த நெசவாலைக் காணியில் இன்று ஹெவ்லொக் சிட்டி தொடர்மாடிகள் நிற்கின்றன.

பக்கத்துக் கடை யாழ்ப்பாணத்து ஐயா ஒருவருடையது. வாப்பாவை "நாநா" என்றே கூப்பிடுவார். 1983 ஜூலைக் கலவரத்தில் காலி வீதியில் தமிழர் கடைகள் எரிந்தபோது அவருடைய கடையும் எரிந்தது. கடன் கொப்பியும் சாம்பலானது. அவர் அகதியாகக் கப்பலில் வடக்கே போனார். சில வாரங்கள் கழித்து ஒரு சிங்கள அம்மா எங்கள் கடைக்கு வந்தார். "அந்த முதலாளிக்கு 140 ரூபா கொடுக்க இருக்கிறது, எப்படியாவது சேர்த்துவிடுங்கள்" என்று வாப்பாவின் கையில் தந்தார். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். வாப்பா ஒவ்வொன்றையும் எழுதிவைத்து, மறுவருடம் ஐயா வந்தபோது எண்ணிக் கொடுத்தார். ஐயா அழுதார். பிறகு, "நாநா, வரவேண்டியதில் இது கால்வாசியும் இல்லை" என்றார்.

அன்றிலிருந்து வாப்பா இரண்டு கொப்பி எழுதினார். ஒன்று கடையில், மற்றது கொட்டாஞ்சேனை வீட்டில்.

நாணயமான வாடிக்கையாளர் தீயில் எரியாத முதல். ஆனால் அதை மட்டும் நம்பினால் கால்வாசிதான் கைக்கு வரும். எழுத்தும் வேண்டும். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதிக்கொள்வது பற்றியது. அதை ஓதுகிறோம், கடையில் செய்கிறோமா?

கார்கில்ஸ் முதலாவது புட் சிட்டியைத் திறந்ததும் அதே 1983இல்தான். எங்கள் வீதியில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இன்று சுப்பர் மார்க்கட் நம்மை விழுங்கிவிட்டது என்கிறோம். எனக்குத் தெரிந்து மூடிய கடைகளில் பலவற்றை மூடவைத்தது சுப்பர் மார்க்கட் அல்ல. நாநாவும் தம்பியும் எழுதாமல் செய்த கூட்டு வியாபாரம்; வாப்பா மௌத்தான பின் தீராத வாரிசுப் பங்கு. வழக்கு இழுபட்டு, கடைசியில் காணி தொடர்மாடி கட்டுபவரிடம் போனது.

எழுத்து மட்டும் போதுமா? அதுவும் போதாது. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது கொட்டாஞ்சேனையே அழுதது. பிறகு முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரிக்கும் பிரசாரம் வந்தது. மே மாதம் மினுவாங்கொடையில் நம்மவர் கடைகள் எரிந்தன. என் கடையில் மாதக்கணக்கில் வியாபாரம் இல்லை. முதலில் திரும்பி வந்தவர்கள் யார்? யாருடைய வீட்டு நல்லது கெட்டதுக்கு நாங்கள் போயிருந்தோமோ அவர்கள்தான். மலிவு விலைப் பலகையைப் பார்த்து வந்தவர்கள் அப்படியே போய்விட்டார்கள்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ஆனபோது புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் கடனை நிறுத்தினார்கள். அப்போதும் கணக்கைச் சுத்தமாக வைத்து, தவணை தவறாதவருக்குச் சரக்குக் கிடைத்தது.

ஆகவே மூன்று காரியம் செய்வோம். கூட்டு வியாபாரத்தை, சொந்தச் சகோதரனுடன் என்றாலும், எழுத்தில் வைப்போம். வாப்பா உயிரோடு இருக்கும்போதே கடையின் கணக்கையும் கடனையும் பிள்ளைகளுக்குக் காட்டட்டும். மூன்றாவது, கல்லாவில் இருக்கும் நம் பிள்ளை வாடிக்கையாளரின் பெயரைத் தெரிந்துகொள்ளட்டும். சிங்களத்திலும் தமிழிலும் அழகாகப் பேசட்டும்.

கட்டடங்கள் உயர்வதை நம்மால் நிறுத்த முடியாது. எங்கள் கடை இன்னும் அதே காலி வீதியில்தான் இருக்கிறது. இரண்டாவது கொப்பி இப்போது கணினியில் இருக்கிறது; அதன் பிரதி இன்றும் கொட்டாஞ்சேனை வீட்டில். அல்லாஹ் நம் அனைவரின் வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக.