நடுவர் வீட்டு வாசல்

2023ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி சனிக்கிழமை இரவு, சந்திர கிரகணத்தை முன்னிட்டுக் கோயில்கள் நடை சாத்திவிட, வீடுகளில் மூத்தவர்கள் தர்ப்பையைக் கிள்ளித் தயிரிலும் ஊறுகாய் ஜாடியிலும் போட்டுவிட்டு உறங்கச் சென்ற பிறகு, முகப்பேர் மேற்கில் எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கே கூடியிருந்த நால்வரும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அயல்நாட்டார் கணக்குகளை இராப்பொழுதில் பார்த்துக் கொடுக்கும் உத்தியோகஸ்தர்கள். விழித்திருப்பது அவர்களுக்குச் சகஜம். ஆனால் அன்று விழித்திருந்தது, பாரிஸ் நகரின் எல்லையில் நம் கடிகாரப்படி நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கிய ரக்பி உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்காக. கிரகணம் விட்ட வேளையும் ஆட்டம் முடிந்த வேளையும் ஏறத்தாழ ஒன்றே. தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11.

மறுநாள் காலை தேநீர்க் கடையில் அவர்கள் நிகழ்த்திய வாதத்தை அருகிருந்து கேட்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. பதினைந்து பேர் கொண்ட அணி, எண்பது நிமிஷ ஆட்டம், பந்தை முன்னோக்கிக் கையால் எறியக்கூடாது, பக்கத்திலோ பின்னாலோதான் எறியலாம் என்னும் அளவில் நின்றிருந்த என் ஞானத்தை, சடுகுடுவில் பாடிவருபவனை மடக்குவதோடு ஒப்பிட்டு அவர்கள் சற்று விருத்தி செய்தார்கள். பந்தை வைத்திருக்கும் எதிரியின் இடுப்பையோ தொடையையோ கட்டிப்பிடித்து வீழ்த்தலாம். தலையில் மோதக்கூடாது. அந்த விதியிலேதான் அன்றைய வழக்கும் பிறந்தது. நியூசிலாந்துத் தலைவர் சாம் கேன் எதிரியின் தலையில் மோதியதற்கு முதலில் மஞ்சள் அட்டை காட்டப்பட்டு, பின்னர் அது சிவப்பாக மாற்றப்பட்டதால், ஆடவர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நிரந்தரமாக வெளியேற்றப்பட்ட முதல் ஆட்டக்காரர் என்னும் பெயர் அவருக்கு வாய்த்தது. இடைவேளைக்குப் பின் தென்னாப்பிரிக்கத் தலைவர் சியா கோலிசியும் ஒருவர் தலையில் மோதினார். ஆனால் அவருடைய மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

"ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனையா அங்கிள்?" என்று ஒருவன் என்னை நியாயாதிபதியாக்கினான். மோதலின் வேகமும், குனிந்து தன்னைத் தணித்துக்கொள்ள முயன்றதும் வேறு வேறு என்று மற்றொருவன் மறுத்தான். மூன்றாமவன், ரக்பி இறுதியாட்டத்துக்கு முந்தின நாள், அதாவது 27ஆம் தேதி, நம் சேப்பாக்கத்தில் அதே தென்னாப்பிரிக்கா பாகிஸ்தானை ஒரே விக்கெட்டு வித்தியாசத்தில் வென்ற கிரிக்கெட் ஆட்டத்தை இழுத்துவந்தான். கடைசி விக்கெட்டுக்கு ஆடிய தென்னாப்பிரிக்காவின் ஷம்சியின் காலில் பட்ட பந்து ஸ்டம்பை உரசிச் செல்லும் என்று பந்தின் பாதையைக் கணிக்கும் யந்திரம் காட்டியும், நடுவர் முதலில் கை தூக்காத காரணத்தால் அவர் தப்பினார். கை தூக்கியிருந்தால் அதே யந்திரம் அதே படத்தைக் காட்டி அவரை வெளியே அனுப்பியிருக்கும். சேப்பாக்கத்துத் தீர்ப்பை அநியாயம் என்று வெள்ளிக்கிழமை வைதவனே பாரிஸ் தீர்ப்பை ஞாயிற்றுக்கிழமை தர்மம் என்று வாதித்த விசித்திரத்தை நான் சுட்டிக்காட்டியபோது, அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு டீ சொன்னான்.

அத்துடன் நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே நேர்ந்திராது. அந்த இறுதியாட்டத்தின் நடுவரான இங்கிலாந்தின் வெய்ன் பார்ன்ஸ், தொழிலால் வழக்கறிஞர், சில நாட்களுக்குள் ஓய்வை அறிவித்தார். அவருக்கும் அவருடைய குடும்பத்தாருக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன என்பது பின்னர் வெளியாயிற்று. காணொளி நடுவராக அமர்ந்திருந்த டாம் ஃபோலியும், தம்மீது பொழிந்த வசைகளின் காரணமாக அவ்வாண்டு டிசம்பரில் சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகிக்கொண்டார். தென்னாப்பிரிக்காவின் பொல்லார்ட் உதைத்த நான்கு பெனால்டிகளால் வந்த பன்னிரண்டு புள்ளிகளுக்கும், பாரெட் ஓடிப்போய்ப் பந்தைத் தரையில் வைத்த ஒரு டிரையையும் சேர்த்து நியூசிலாந்து பெற்ற பதினொன்றுக்கும் இடையே நின்ற ஒற்றைப் புள்ளிக்காக, மைதானத்தில் காலே வைக்காத மனிதர்கள் ஒரு குடும்பத்தின் நித்திரையைக் கெடுத்தார்கள்.

தொலைவை எண்ணி இதை நாம் ஒதுக்கிவிடலாகாது. ரக்பியில் நம் வெள்ளியும் கலந்திருக்கிறது. கல்கத்தாவில் ரக்பி ஆடிவந்த வெள்ளையர் சங்கம் கலைந்தபோது, வங்கியிலிருந்த தம் பணத்தை வெள்ளி ரூபாய்களாக வாங்கி உருக்கி, மூன்று நாகங்களைப் பிடிகளாகவும் ஒரு யானையை மூடியின்மீதும் அமைத்துக் கோப்பை செய்து, 1878இல் இங்கிலாந்துச் சங்கத்துக்கு அளித்தார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காகவே மோதிவருகின்றன. ரூபாயை உருக்கி விளையாட்டுக்குக் கொடுத்த மனப்பான்மையை நம் இன்றைய சங்கங்கள் பலவற்றில் தேட வேண்டியிருக்கிறது. அது வேறு கதை.

ரக்பியில் எனக்கு மிகவும் பிடித்துப்போன சம்பிரதாயம் ஒன்று உண்டு. நடுவரிடம் தீர்ப்பைப் பற்றிப் பேசும் உரிமை அணித்தலைவர் ஒருவருக்கே. நூறு கிலோவுக்கு மேற்பட்ட தேகம் படைத்தவராயினும் மற்றவர்கள் வாய்மூடி நிற்க வேண்டும். பேசும் தலைவரும் 'சார்' என்றே விளிப்பது வழக்கம். வியர்வையும் ரத்தமும் சிந்தி ஆடுபவனுக்கே இத்தனை கட்டுப்பாடு இருக்க, கட்டிலில் சாய்ந்துகொண்டு கைப்பேசியைத் தடவும் ரசிகனுக்கு யாதொரு கட்டுப்பாடும் இல்லை என்பது எவ்வகை நியாயம்?

ரசிகர்கள் வாயடைத்துக் கிடக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயமன்று. தீர்ப்பைத் திட்டலாம், விதியைத் திட்டலாம், நடுவரின் கண்பார்வையையும் சந்தேகிக்கலாம். அந்தச் சுகத்துக்காகத்தானே பாதி ஆட்டத்தைப் பார்க்கிறோம். ஆனால் எங்கள் தேநீர்க் கடையில் ஒரு சௌகரியம் இருக்கிறது: எதிர்வாதம் செய்பவனின் முகம் இரண்டடி தூரத்தில் இருக்கிறது, குரல் உயர்ந்தால் கடைக்காரர் ஒரு பார்வை பார்க்கிறார், வாதத்தில் தோற்றவன் டீக்குக் காசு கொடுக்கிறான். முகமற்ற வசைக்கு அந்தக் கடைக்காரர் இல்லை. மிரட்டல் விடுத்தவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் சட்டத்தின் முன் நிறுத்துவதும், சீட்டு வாங்கி மைதானத்துக்குள் நுழையும் உரிமையை அவர்களுக்கு மறுப்பதும் ஆட்ட நிர்வாகங்களின் கடமை. கிரிக்கெட் நிர்வாகங்களுக்கும் இதில் விலக்கு இல்லை.

அடுத்த ரக்பி உலகக் கோப்பை 2027 அக்டோபர் முதல் தேதி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தொடங்குகிறது. அவர்களுடைய மாலைப்பொழுது நமக்குப் பிற்பகல். எனவே இம்முறை எவரும் இரவில் கண் விழிக்க வேண்டியதில்லை. எங்கள் முகப்பேர்க் கடைக்கு வாருங்கள், உட்கார்ந்து வேண்டியமட்டும் சண்டையிடுவோம். நடுவரின் வீட்டு வாசலுக்கு மட்டும் போக வேண்டாம்.